அப்பா அம்மாவோடு பிளாக் ஃபாரஸ்ட் நீர்ச்சக்கர மில்லுக்கு: விசா முதல் கடைசிப் பத்து கிலோமீட்டர் வரை

ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் மலைக்காட்டைப் பற்றிய படங்களில் ஒரு மர மில் அடிக்கடி வரும். சரிந்து இறங்கும் பெரிய கூரை, பக்கவாட்டில் பாசி பிடித்த நீர்ச்சக்கரம், சுற்றிலும் இருட்டாக மரங்கள். அதுதான் ஹெக்ஸன்லோஹ் மில். ஃபுர்ட்வாங்கன் நகராட்சியைச் சேர்ந்த நொய்கிர்ஹ் பக்கம், குறுகலான ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. 1825-ல் மரம் அறுக்கும் மில்லாகக் கட்டியது. இரண்டு சக்கரங்கள் இருப்பதுதான் அதன் பெருமை. வரலாறு இவ்வளவு போதும்.

ஃபுர்ட்வாங்கனிலும் ஃப்ரைபுர்கிலும் படிக்கிற நம் பிள்ளைகள், ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்ப்பவர்கள் என்று பலரும் ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது அங்கே அழைத்துப் போக ஆசைப்படுகிறார்கள். மில்லில் பார்க்க ஒரு மணி நேரம் போதும். போய்ச் சேருவதற்கான தகவல்தான் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது: விசா ஒரு பக்கம், பஸ் டைம்டேபிள் ஒரு பக்கம், விடுமுறை நாள் இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் தேடித் தேடி அலுத்துப்போனதால், வரிசையாக எழுதி வைக்கிறேன்.

1. முதலில் கடைசிப் பத்து கிலோமீட்டரை முடிவு செய்யுங்கள்

பொதுவாக எல்லாரும் விமான டிக்கெட்டில் தொடங்குவார்கள். இந்தப் பயணத்துக்கு அது சரிப்படாது. ஃப்ரைபுர்க் வரை ரயில் இருக்கிறது, ட்ரீபெர்க் வரை ரயில் இருக்கிறது, ஃபுர்ட்வாங்கன் வரை பஸ் இருக்கிறது. அங்கிருந்து மில்லுக்குச் சுமார் பத்து கிலோமீட்டர்தான். சிக்கல் முழுவதும் அந்தப் பத்துக்குள் இருக்கிறது. மில்லின் வாசலில் இறக்கிவிடும் பஸ்ஸை எதிர்பார்த்துத் திட்டம் போடாதீர்கள். ஆகவே மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கார்: பெற்றோர் கூட இருந்தால் இதுதான் நிம்மதி. ஆனால் லைசென்ஸ் விஷயத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

டாக்ஸி: ஃபுர்ட்வாங்கனிலிருந்து பேசி வைத்துக்கொள்ளலாம். ஒரு வழிக்கு 30 யூரோவாவது ஒதுக்கி வையுங்கள். ஏறும்போதே திரும்பி வரும் நேரத்தையும் டிரைவரிடம் சொல்லி உறுதி செய்துவிடுங்கள். பள்ளத்தாக்கின் அடியில் போன் சிக்னலை நம்பி, “அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம்” என்று விட்டுவிடாதீர்கள்.

நடை: நொய்கிர்ஹ் மேட்டிலிருந்து இறங்கினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாங்க்ட் மேர்கன் என்ற பக்கத்து ஊரிலிருந்து வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இறங்குவது சுகம். திரும்ப ஏறுவதுதான் முழங்காலுக்குப் பரீட்சை. அறுபதைத் தாண்டிய அம்மாவை இந்த வழியில் கூட்டிப் போக வேண்டாம். நண்பர்களோடு போகும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

2. பெற்றோரின் விசா: ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்

ஜெர்மனிக்குச் சுற்றுலாவாக வர எடுக்கும் ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் எடுத்துக்கொள்வார்கள். கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளும். ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்னையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. செப்டம்பரில் வரப் போகிறார்கள் என்றால் மார்ச், ஏப்ரலிலேயே காகிதங்களைச் சேர்க்க ஆரம்பித்துவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறிலிருந்து பதினொரு வயது வரையுள்ள குழந்தைக்கு 45. அன்றைய மாற்று விகிதத்தில் ரூபாயாகக் கட்ட வேண்டும். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பாது. மையத்தில் எஸ்எம்எஸ் தகவல், கூரியர், தனி அறை என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். கூரியர் மட்டும் எடுத்துக்கொள்ளலாம், மற்றவை உங்கள் விருப்பம். அப்பா அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கவுன்டரில் கேட்டால் எல்லாமே கட்டாயம் என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார்கள்.

பெற்றோர் தரப்பில் வேண்டியவை: ஜெர்மனியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாகிற பாஸ்போர்ட் (பத்து ஆண்டுக்குள் கொடுத்ததாகவும் இரண்டு காலிப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும்), 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புது போட்டோக்கள், பூர்த்தி செய்து கையெழுத்திட்ட படிவம், விமான முன்பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி அல்லது பென்ஷன் காகிதங்கள். ஊருக்குத் திரும்பி வருவார்கள் என்று காட்ட வீட்டுப் பத்திரமோ நிலத்தின் பட்டாவோ நகல் இருந்தால் அதையும் வைக்கலாம்.

காப்பீட்டில் கவனம் தேவை. மலிவான பாலிசிகள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குப் பணம் தராது. சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு இது முக்கியம். மாத்திரைகளை முழுப் பயணத்துக்கும் ஊரிலிருந்தே எடுத்து வரச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் கையில் இருக்கட்டும்.

உங்கள் தரப்பில்: அழைப்புக் கடிதம், பாஸ்போர்ட் நகல், ரெசிடென்ஸ் பெர்மிட் நகல், முகவரிப் பதிவுச் சான்று. செலவை நீங்கள் ஏற்பதாக இருந்தால், உங்கள் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் ஃபெர்ஃப்ளிஹ்ட்டுங்ஸ்எர்க்ளேருங் என்ற பொறுப்பேற்புப் பத்திரம் வாங்க வேண்டும். கட்டணம் 29 யூரோ. சம்பளச் சீட்டுகள், வீட்டு வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட் கேட்பார்கள். அங்கேயும் அப்பாயின்ட்மென்ட் வாரக்கணக்கில் தள்ளிப் போகும் என்பதால், விசாவுக்கு முன்னால் இதைத்தான் பிடிக்க வேண்டும். ரொம்பச் சீக்கிரம் வாங்கினாலும் பிரச்சினை. பத்திரம் கொடுத்து ஆறு மாதத்துக்குள் விசாவுக்குப் பயன்படுத்தியாக வேண்டும். பத்திரத்தின் அசல் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும், ஸ்கேன் காப்பி செல்லாது. தபாலுக்கும் நாள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிளாக்டு அக்கவுன்ட் (மாணவர் விசாவுக்காக முடக்கி வைக்கும் வங்கிக் கணக்கு) பணத்தில் படிக்கிற மாணவர்களுக்குப் பொதுவாக இந்தப் பத்திரம் கிடைப்பது கடினம், வருமானம் போதாது என்று சொல்லிவிடுவார்கள். அதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். பெற்றோர் தங்கள் சொந்தக் கணக்கைக் காட்டியே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்கு முதல் வாரம் மாமாவிடம் கடன் வாங்கி லட்சக்கணக்கில் கணக்கில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்டில் அது பளிச்சென்று தெரியும்.

இனி, நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள வலை: பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, உங்கள் பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இனிஷியலோடு, பேங்க் கணக்கில் கணவர் பெயரோடு, ஆதாரில் வேறு எழுத்துக்கூட்டல். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மூன்று பேர். எல்லாக் காகிதத்தையும் ஒரே மேசையில் பரப்பி, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அளவுகோலாக வைத்துச் சரிபாருங்கள். விமான டிக்கெட்டும் காப்பீடும் எழுத்து பிசகாமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். மாறுகிற இடத்துக்கு, இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும்.

விசா கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தேதிகள். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்று இரண்டு கணக்கு அதில் இருக்கும். எத்தனை நாள் என்பது வந்திறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் சேர்த்துத்தான். விமான நிலையத்தில் இப்போது ஸ்டாம்புக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்கிறார்கள். வயதானவர்களின் தேய்ந்த ரேகைக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கலாம். ஃபிராங்ஃபுர்ட்டில் இறங்கி ஒரு மணி நேரத்தில் ரயில் பிடிக்கலாம் என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

3. எங்கே தங்குவது: அட்டை தருகிற ஊரில்

இதில்தான் உண்மையான சேமிப்பு இருக்கிறது. பிளாக் ஃபாரஸ்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் தங்குகிற விருந்தினர்களுக்குக் கோனுஸ் அட்டை தருகிறார்கள். அதைக் காட்டினால் அந்தப் பகுதி முழுவதும் பஸ்களிலும் உள்ளூர் ரயில்களிலும் தங்கும் நாட்கள் வரை இலவசம். ஐசிஇ, ஐசி என்ற நெடுந்தூர விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. ஃபுர்ட்வாங்கன், ட்ரீபெர்க், சாங்க்ட் மேர்கன், டிட்டிஸே எல்லாம் இதில் சேர்ந்த ஊர்கள். ஃப்ரைபுர்க் நகருக்குள் தங்கினால் இந்த அட்டை கிடைக்காது. பலர் வசதியாக இருக்குமே என்று அங்கே ஹோட்டல் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு பஸ்ஸுக்கும் காசு கொடுக்கிறார்கள்.

அட்டை வானத்திலிருந்து வருவதில்லை. அந்த ஊர் வசூலிக்கிற சுற்றுலா வரியிலிருந்துதான் வருகிறது. அது அறை வாடகைக்கு மேல், ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இரண்டு மூன்று யூரோ அளவில் இருக்கும். முன்பதிவு தளத்தில் பார்த்த தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. போய்ச் சேர்ந்ததும் தனியாகக் கேட்பார்கள், சண்டை போடாதீர்கள். வெளிநாட்டு விருந்தினர் பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டுப் பாஸ்போர்ட் காட்ட வேண்டும் என்பதால் பெற்றோரின் பாஸ்போர்ட் சூட்கேஸின் அடியில் இல்லாமல் கைப்பையில் இருக்கட்டும். பதிவு முடிந்த பிறகுதான் அட்டை என்பதால், ஊருக்குள் வந்து சேருகிற பயணத்துக்கு டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

புக் செய்யும் முன் வீட்டுக்காரருக்கு ஒரு வரி எழுதி, கோனுஸ் அட்டை தருவீர்களா என்று கேட்டு வையுங்கள். உங்கள் மாணவர் விடுதி அறையிலேயே பெற்றோரைத் தங்க வைத்தால் அட்டை கிடையாது.

4. ரயில், பஸ் டிக்கெட்

அட்டை இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. பெற்றோர் ஒரு மாதம் முழுக்க இருந்து ஊர் ஊராகச் சுற்றப் போகிறார்கள் என்றால் டாய்ச்லாண்ட் டிக்கெட். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. உள்ளூர் ரயில், பஸ், ட்ராம் எல்லாவற்றிலும் நாடு முழுக்கச் செல்லும். இது சந்தா முறை. மாதத்தின் 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணத்தையும் எடுத்துவிடுவார்கள். 10-ம் தேதிக்குள் வாங்குகிறவர்கள் அன்றே ரத்தும் செய்துவிடுவது நல்லது, நடப்பு மாதம் முழுக்க டிக்கெட் செல்லும். காலண்டர் மாதக் கணக்கு என்பதால், 20-ம் தேதி வருகிறவர்களுக்கு முழுப் பணம் கொடுத்து வாங்குவது நஷ்டம். ஒருவர் பெயரில் எடுத்ததை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. அப்பா போனில் அம்மா டிக்கெட்டையும் வைத்துக்கொண்டு தனித்தனிப் பெட்டியில் உட்காரவும் கூடாது.

ஒரே ஒரு நாள் பயணம் என்றால், இந்த மாநிலத்தின் பெயரிலேயே உள்ள பாடன்-வுர்ட்டெம்பெர்க் டிக்கெட். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம், ஆள் கூடக் கூடத் தலைக்கு விலை இறங்கும். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். 8.50 ரயிலில் ஏறிவிட்டு “பத்து நிமிஷம்தானே” என்று சொன்னால் டிக்கெட் பரிசோதகர் கேட்க மாட்டார்.

மேற்கிலிருந்து வருகிறவர்கள் ஃப்ரைபுர்கிலிருந்து உள்ளூர் ரயிலில் கிர்ஹ்சார்ட்டன் வந்து, அங்கிருந்து சாங்க்ட் பேட்டர் வழியாக சாங்க்ட் மேர்கனுக்கு பஸ் பிடிக்கலாம். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஓஃபன்புர்க்கிலிருந்து ட்ரீபெர்க் வரை ரயில். அந்தப் பாதை சுரங்கத்துக்கு மேல் சுரங்கமாக மலையேறும். ஜன்னல் இருக்கையை அப்பாவுக்குக் கொடுத்துவிடுங்கள். ட்ரீபெர்க்கிலிருந்து ஃபுர்ட்வாங்கனுக்கு பஸ். ஃபுர்ட்வாங்கனில் ரயில் நிலையமே கிடையாது.

கிராமப்புற பஸ் டைம்டேபிளை வாசிப்பது தனிக் கலை. நேரத்துக்கு மேலே ஒரு சின்ன எழுத்தோ குறியோ இருக்கும். அதன் அர்த்தம் அட்டவணையின் அடியில் எறும்பு அளவில் அச்சாகியிருக்கும்: பள்ளி நாட்களில் மட்டும், சனிக்கிழமை மட்டும், முன்கூட்டியே போன் செய்தால் மட்டும் என்று. பள்ளி விடுமுறையில் பாதி பஸ்கள் காணாமல் போகும். நீங்கள் லீவு போட்டுப் பெற்றோரை அழைத்துப் போவதும் பெரும்பாலும் அதே விடுமுறையில்தான். ஆகவே செயலியில் பார்க்கும்போது இன்றைய தேதிக்குப் பார்க்காமல், போகப் போகிற தேதியைப் போட்டுப் பாருங்கள். திரும்பி வருகிற கடைசி பஸ்ஸைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய பஸ்ஸுக்குத் திட்டமிடுங்கள்.

5. காரில் போவதானால்

நீங்கள் இங்கே குடியேறிப் பதிவு செய்து ஆறு மாதம் தாண்டிவிட்டால் இந்திய லைசென்ஸ் இங்கே செல்லாது. ஊரில் பத்து வருஷம் ஓட்டியிருந்தாலும் இதுதான் சட்டம். அதற்குப் பிறகு ஓட்டினாலே அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம், விபத்து நடந்தால் காப்பீடும் கை கொடுக்காமல் போகலாம். வாடகைக் கார் கவுன்டரில் அட்டையை வாங்கிப் பார்த்துச் சாவி கொடுத்துவிட்டார்கள் என்பதால் சட்டப்படி சரியாகிவிடாது.

சுற்றுலாவாக வரும் அப்பாவோ அண்ணனோ ஓட்டலாம். அதற்கு இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் வேண்டும். அதை இந்தியாவில் இருக்கும்போதே ஆர்டிஓ மூலம் எடுக்க வேண்டும். ஓராண்டு செல்லும். ஆனால் இடது பக்கம் ஓட்டிப் பழகிய அறுபது வயதுக்காரருக்கு, எதிரே பால் லாரி வரும் இந்தக் குறுகிய காட்டுச் சாலையை முதல் பாடமாகக் கொடுப்பது நல்ல யோசனை இல்லை.

வாடகைக்கு எடுப்பவர் பெயரில் கிரெடிட் கார்டு கேட்பார்கள். முன்பணத்துக்கு டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சின்ன ஊர்க் கிளைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே எடுத்து, திங்கள் திருப்பிக் கொடுக்கிற மாதிரி கணக்குப் போட வேண்டி வரும். மூன்று நாள் வாடகை, பெட்ரோல், எல்லாம் சேர்த்தால் நான்கு பேருக்குக் கூட டாக்ஸியே மலிவாக முடிகிற சந்தர்ப்பங்கள் உண்டு. கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃப்ரைபுர்கிலிருந்து மேலே ஏறி சாங்க்ட் மேர்கன் வழியாக வந்தால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். நொய்கிர்ஹ் பக்கமிருந்து இறங்கும் சாலை குறுகல், வளைவுகள் அதிகம். வாந்தி வருகிறவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வண்டி நிறுத்தும் இடம் சிறியது. மேப்பை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து காலை வேளையில் சாலையில் உறைபனி இருக்கலாம், குளிர்கால டயர் உள்ள வண்டியா என்று கேட்டு வாங்குங்கள்.

6. எந்த மாதம், எந்த நாள், எத்தனை மணி

மே முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை நல்லது. குளிர்காலத்தில் சக்கரத்தைச் சுற்றிப் பனிக்கட்டி தொங்குவது படத்துக்கு அழகுதான், வயதானவர்கள் காலுக்கு ஆபத்து. இலையுதிர் கால நிறங்களைப் பார்க்க வேண்டும் என்று அக்டோபரில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் காட்டில் பெரும்பகுதி ஊசியிலை மரங்கள். நடுநடுவே மஞ்சளும் செம்பும் தெரியும். மலை முழுக்கத் தீப்பற்றிய மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஜெர்மன் கிராமத்து உணவகங்களுக்கு ரூஹெடாக் என்று வாராந்திர விடுமுறை உண்டு. பருவம் முடிந்ததும் சில வாரங்கள் மொத்தமாக மூடுவதும் சகஜம். மில்லில் உணவகமும் கடையும் ஒரே குடும்பத்தின் கையில் இருப்பதால், மூடினால் கழிப்பறை உட்பட எதுவும் கிடைக்காது. கிளம்புவதற்கு முந்தின நாள் மில்லின் சொந்த இணையதளத்தைப் பாருங்கள் அல்லது போன் செய்துவிடுங்கள். மேப்பில் “திறந்திருக்கிறது” என்று பச்சையாகக் காட்டுவதை நம்பி முதியவர்களை மலைக்கு ஏற்றாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மோட்டார் சைக்கிள்காரர்களும் சுற்றுலாப் பேருந்துகளும் குவிவார்கள். வார நாள் காலை பதினொன்றை ஒட்டிப் போனால் மேசையும் கிடைக்கும், சக்கரத்தின் முன்னால் யாருடைய தலையும் இல்லாமல் படமும் கிடைக்கும். அதைவிட முன்னால் போக வேண்டாம். பள்ளத்தாக்கு அவ்வளவு குறுகல், வெயில் கீழே இறங்கவே நேரமாகும். கோடையிலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. மில்லில் என்ன செய்வது

டிக்கெட் கிடையாது. சக்கரங்கள் வெளியே இருப்பதால் சாலையோரம் நின்றே பார்க்கலாம். பெரிய சக்கரத்தின் விட்டம் சுமார் 4 மீட்டர். மேலே மரக் கால்வாய் வழியாக வரும் தண்ணீர் சக்கரத்தின் தலையில் விழுந்து, ஒவ்வொரு பெட்டியாக நிரம்பி, அந்தப் பாரத்தில் சக்கரம் கீழே இறங்குகிறது. அருகில் போய் ஒரே ஒரு பெட்டியை மட்டும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள்: நிரம்பும், இறங்கும், அடியில் கவிழ்ந்து கொட்டும், காலியாக மறுபக்கம் ஏறும். ஊரில் கமலையோ ஏற்றமோ இறைத்த அப்பாவாக இருந்தால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். கற்கள் ஈரமாக இருக்கும், செருப்பு வழுக்கும், ஷூ போடுங்கள். கடும் வறட்சியிலும் உறைபனியிலும் சக்கரம் நிற்கலாம். அது யாருடைய கையிலும் இல்லை.

சாப்பாடு. இந்தப் பகுதி புகையிட்ட பன்றி இறைச்சிக்குப் பேர் போனது. மெனுவில் சைவம் போலத் தெரிகிற உருளைக்கிழங்குச் சூப்பிலும் வதக்கிய உருளையிலும் சின்னச் சின்னத் துண்டாக அது கிடக்கலாம். “இறைச்சி இல்லையே?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், பன்றிக் கொழுப்பும் இல்லையா என்று கேளுங்கள். சீஸ் சேர்த்த ஷ்பெட்ஸ்லே (ஒரு வகை நூடுல்ஸ்) சைவம்தான், ஆனால் அந்த மாவே முட்டை போட்டுப் பிசைந்தது. முட்டையும் கூடாது என்கிற அம்மாவுக்குச் சாலட், ரொட்டி, வெறும் உருளைக்கிழங்கு என்று சுருங்கிவிடும். பையில் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டி வந்து, காட்டுப் பாதையோர பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மில்லில் காபி மட்டும் குடிப்பதுதான் சுமுகமான வழி. உணவகத்து மேசையில் டப்பாவைத் திறக்காதீர்கள்.

பிளாக் ஃபாரஸ்ட் கேக்கை இங்கே சாப்பிடாமல் எப்படி என்பீர்கள். சாப்பிடுங்கள். நம் ஊர் பேக்கரியில் கிடைப்பது வேறு. இங்கே கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயம் கேக்கிலேயே ஊறியிருக்கும், முதல் வாயிலேயே மூக்குக்கு ஏறும். குழந்தைகளுக்கும், மது தொடாத பெரியவர்களுக்கும், கார் ஓட்டுகிறவருக்கும் ஆப்பிள் கேக் வாங்கிக் கொடுங்கள்.

ரொக்கம் எடுத்துப் போங்கள். ஓர் ஆளுக்கு 20 யூரோ இருந்தால் காபி, கேக், ஒரு சாப்பாடு தாங்கும்.

கால் தெம்புள்ளவர்கள் இங்கிருந்து பால்ட்ஸர் ஹெர்கொட் வரை நடக்கலாம். அங்கே பீச் என்ற காட்டு மரம் ஒன்று (பழம் தரும் பீச் இல்லை) கல்லில் செதுக்கிய ஏசு உருவத்தைத் தன் அடிமரத்துக்குள் விழுங்கி வளர்ந்திருக்கிறது. ஏற்றம் அதிகம், அரை நாள் ஒதுக்குங்கள். மழை வந்துவிட்டால் ஃபுர்ட்வாங்கனில் உள்ள ஜெர்மன் கடிகார அருங்காட்சியகம் நல்ல மாற்று.

8. குயில் கடிகாரம் வாங்கப் போகிறீர்களா

அம்மா நிச்சயம் கேட்பார். மில்லிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கடைகள் உண்டு. பேட்டரியில் ஓடுவது மலிவு. எந்திரத்தில் ஓடுவதுதான் அசல், அதற்குப் பிளாக் ஃபாரஸ்ட் கடிகாரச் சங்கத்தின் விடிஎஸ் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு நாள் கடிகாரம் என்றால் தினமும் சங்கிலியை இழுக்க வேண்டும், எட்டு நாள் என்றால் வாரம் ஒரு முறை. இரவில் குயிலை நிறுத்தி வைக்கும் வசதி உண்டா என்பதையும் பாருங்கள், வீட்டில் தூங்க வேண்டுமே.

50 யூரோவுக்கு மேல் வாங்கினால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் 19 சதவீத வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். இதற்குக் கடை ஒத்துழைக்க வேண்டும், ஆகவே பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். படிவத்தில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பெற்றோருடையதாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் இங்கே வசிப்பவர் என்பதால் உங்கள் பெயரில் எழுதினால் ஒரு காசு கிடைக்காது. வாங்கிய மாதத்துக்குப் பின் மூன்று மாதத்துக்குள் பொருள் ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும்.

திரும்பும் நாளில் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். சுங்க அதிகாரி பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் படிவத்தில் முத்திரை போடுவார். கடிகாரம் பெரிய பெட்டிக்குள் இருந்தால், செக்-இன் கவுன்டரில் முதலிலேயே வரி விஷயத்தைச் சொல்லி, பெட்டியில் டேக் ஒட்டி வாங்கிக்கொண்டு சுங்கத்துக்குப் போக வேண்டும். பெட்டி பெல்ட்டில் போய்விட்டால் அவ்வளவுதான். பைன் காய் வடிவத்தில் இருக்கும் அந்த இரும்பு எடைகளைக் கைப்பையில் வைத்தால் ஸ்கேனரில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். துணியில் சுற்றி, அவற்றையும் பெரிய பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். எடை கூடும், வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.